பாலைவனத்தில் ஒரு ஃபுல்பேக்

நவம்பர் 14, வெள்ளி

டாக்டர் சொன்னது இதுதான்: "கோவம் வந்தா வாயத் தொறக்காதீங்க சார், எழுதுங்க." உரக்கடையில் ஓசியாகக் கொடுத்த டைரி ஒன்று வீட்டில் கிடந்தது. ஜனவரியிலிருந்து எழுதிவருகிறேன். வருஷம் முடிவதற்குள் டைரி தீர்ந்துவிடும் போலிருக்கிறது.

இன்று நானும் கோமதியும் மஸ்கட்டில் இறங்கினோம். மகள் சிந்துஜா இங்கே ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். ஏர்போர்ட்டில் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. கண்ணில் மணல் விழுந்துவிட்டது. "ஏசிக்குள்ள ஏதுங்க மணலு?" என்றாள் கோமதி. எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி.

சிந்துஜாவுக்கு நாங்கள் பார்த்த மாப்பிள்ளை, இல்லை, அவளே பார்த்து எங்களுக்குச் சொன்ன மாப்பிள்ளை தருண்தான் காரை ஓட்டினான். பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, தேடிப் பார்த்துவிட்டேன். மலையைத் தாண்டி, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லாத மணலில் வெகுதூரம் போனோம். ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில் ஒரு ரிசார்ட் இருந்தது. வாசலில் பையனின் அப்பா கோதண்டபாணி நின்றிருந்தார். அருப்புக்கோட்டைக்காரர். சின்ன வயதிலேயே இங்கே வந்து கட்டட காண்ட்ராக்ட் எடுத்து முன்னுக்கு வந்தவர். மனைவி இல்லை, காலமாகிவிட்டார். ஒரே பையன்.

நல்ல மரியாதை. கோமதிக்கு இளநீர், எனக்குச் சர்க்கரை இல்லாத காப்பி. அதைக் குடித்து முடிப்பதற்குள் சொல்கிறார்:

"கல்யாணத்தை இங்கயே வச்சுருவோம் சம்மந்தி. இந்த கோல்ஃப் கோர்ஸைத் தொறந்ததும் மொதல் விசேஷமே நம்ம வீட்டு விசேஷம்."

மாத்திரை போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நவம்பர் 15, சனி

இன்று காலை இட்லியோடு சண்டை.

நான் சொன்னது நியாயமா இல்லையா என்று இந்த டைரியே சொல்லட்டும். கல்யாணமான நாளிலிருந்து கோவில்பட்டியில் மந்தித்தோப்பு ரோட்டில் இருக்கிறேன். அந்தப் பக்கத்தில் நான் பந்தியில் உட்காராத கல்யாணம் கிடையாது. மில்லில் கூட வேலை பார்த்தவர்கள், ஹாக்கி டீமில் கூட ஆடியவர்கள், எதிர்வீடு, பக்கத்து வீடு, எல்லார் வீட்டிலும் இலை போட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். எனக்கு ஒரே மகள். ஒரே ஒரு தடவை நான் மண்டப வாசலில் நிற்க வேண்டும். ஊர் வர வேண்டும். ஒவ்வொருவரையும் கைகூப்பி "வாங்க வாங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

இதைச் சொன்னேன். கோதண்டபாணி என்ன சொன்னார் தெரியுமா?

"அவங்களுக்கு வீடியோவுல காட்டிருவோம் சம்மந்தி. இப்பல்லாம் லைவ்ல போடுறாங்க."

"வீடியோவுல சாப்பாடு போடுவீங்களா?" என்றேன். சிந்துஜா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

"சரி, உங்க பக்கம் எத்தனை பேர் வருவாங்க? அதச் சொல்லுங்க" என்றேன்.

"வெயில் ஏறுது. வாங்க, கோர்ஸைக் காட்டுறேன்" என்று எழுந்துவிட்டார். எப்பேர்ப்பட்ட ஆள் பாருங்கள். ஒரு ரயில் நிறைய ஆள் வைத்திருப்பார் போலிருக்கிறது. எண்ணிக்கையைச் சொன்னால் நான் மலைத்துப்போவேன் என்று மறைக்கிறார்.

கோர்ஸைப் பார்த்தேன். கோல்ஃப் மைதானம் என்றால் டிவியில் பச்சைப்பசேலென்று இருக்குமே, அது இல்லை. மணல். முதலிலிருந்து கடைசி வரை மணல். அந்தக் காலத்தில் எண்ணெய் தோண்ட வந்த வெள்ளைக்காரர்கள் பொழுதுபோகாமல் உண்டாக்கியதாம். அவர்கள் போனதும் மணல் மூடிவிட்டது. ரிசார்ட்காரர்கள் இடத்தை வாங்கியபோது, புல்லைப் போடாமல் பழையபடியே தோண்டி எடுப்போம் என்று அடம்பிடித்தவர் அந்த வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்த கோதண்டபாணி. ஒன்பது குழிகளையும் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு குழிக்குள் சோடா பாட்டில் இருந்ததாம். அதைத் துடைத்துத் தன் மேசைமேல் வைத்திருக்கிறார். பேசும்போது கண் மின்னுகிறது. பேசட்டும், அதற்காக என் மகளைக் கொண்டுவந்து மணலில் வைத்துத் தாலி கட்டுவதா?

மத்தியானம் மறுபடி சண்டை. பொறுக்க முடியாமல் சிந்துஜா எழுந்தாள்.

"ரெண்டு பேரும் இந்த கோர்ஸ்லயே ஆடுங்க. ஜெயிக்கிறவங்க சொல்ற ஊர்ல கல்யாணம். நானும் தருணும் எங்க சொன்னாலும் வந்து மாலையோட நிக்கிறோம். ஆனா இன்னொரு வார்த்தை சண்டை போட்டீங்க, ரெஜிஸ்டர் ஆபீஸ்தான்."

"அப்பாவுக்கு கோல்ஃப் தெரியாதே" என்றாள் கோமதி. பெற்ற மகளுக்கும் சம்பந்திக்கும் முன்னால்!

"யாருக்குத் தெரியாது? நான் மில்லு டீம்ல ஃபுல்பேக். ஹாக்கியில ஆள எல்லாம் எடுத்துட்டா அதுதான் கோல்ஃப்" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மேட்ச். எழுதிய பிறகும் கோபம் குறையவில்லை. டாக்டரிடம் கேட்க வேண்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

முதல் பயிற்சி. கோர்ஸைப் பார்த்துக்கொள்பவர் சலீம் என்கிற ஓமன்காரர். கொஞ்சம் ஹிந்தி, கோதண்டபாணி புண்ணியத்தில் கொஞ்சம் தமிழ். "சாப்டியா?" "சரி, போ" இரண்டும் சுத்தமாக வருகிறது. எனக்கு ஒரு பை நிறைய மட்டைகளும், கால்மிதி அளவுக்கு ஒரு பச்சைப் பாயும் கொடுத்தார்.

இங்கே இரண்டு அவமானம் நடந்தது. கோமதி எப்படியும் ஊரில் போய்ச் சொல்லத்தான் போகிறாள், நானே எழுதிவிடுகிறேன்.

ஒன்று. குழியைச் சுற்றி மணலையும் எண்ணெயையும் கலந்து, மெழுகிய தரை மாதிரி ஒரு வட்டம் வைத்திருக்கிறார்கள். பெயர் பிரவுன். அதில் நடந்தால் தடம் விழும். அதனால் ஆடி முடித்தவர் நீளக் கம்பு வைத்த இழுப்பானால் வட்டம் வட்டமாகத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் போக வேண்டும். இவ்வளவு சுத்தபத்தமாகக் கூட்டி வைத்திருக்கிற இடத்தைப் பார்த்தால் நம்மவன் என்ன செய்வான்? பாயை வாசலில் போட்டுக் காலைத் துடைத்து, ஷூவைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே போனேன். கோதண்டபாணி சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "மணல் சுடும் சம்மந்தி, போட்டுக்கோங்க" என்று ஷூவை எடுத்துக் கொடுத்தார். பாய் எதற்கென்று பிறகு தெரிந்தது. மணலில் பந்து எங்கே கிடந்தாலும் அதை எடுத்து இந்தப் பாய்மேல் வைத்துத்தான் அடிக்க வேண்டுமாம்.

இரண்டு. கோதண்டபாணி தூரத்திலிருந்து ஒரு பந்தைத் தட்டினார். அது குழியைப் பார்த்து அழகாக உருண்டு வந்தது. நான் குழிக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு ஃபுல்பேக்குக்கு முன்னால் பந்து கோலைப் பார்த்துப் போனால் அவன் கை சும்மா இருக்குமா? பாய்ந்து மட்டையைப் படுக்கப் போட்டு நிறுத்தி, ஓங்கி ஒரு கிளியர் விட்டேன். பந்து மணல்மேட்டைத் தாண்டிப் போய்விட்டது.

சலீம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கோதண்டபாணி மட்டும் மெதுவாக, "நல்ல ஸ்டாப்பு சம்மந்தி. ஆனா இது என் பந்து" என்றார்.

நவம்பர் 17, திங்கள்

முதுகு. வேறு எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

சலீம் எனக்கு அடிக்கச் சொல்லிக்கொடுக்கிறார். மட்டையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுழற்ற வேண்டுமாம். என்னால் முடியவில்லை. நான் ஆடிய காலத்தில் மட்டை தோளுக்கு மேல் போனால் ஃபௌல், விசில் அடித்துவிடுவார்கள். எங்கள் கோச் முதுகில் ஒன்று வைப்பார். அந்தப் பயம் இன்னும் தோளில் இருக்கிறது, அதற்கு மேல் கை ஏறமாட்டேன் என்கிறது. கடைசியில் என் இஷ்டத்துக்கு ஒரு ஹாக்கி அடி அடித்தேன். பந்து தரையோடு தரையாகச் சீறிக்கொண்டு ஓடியது. கட்டாந்தரை மணல் அல்லவா, ஓடிக்கொண்டே இருந்தது. சலீம் தாடியைத் தடவினார். "இது கோல்ஃப் இல்ல" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஆனா போகுது" என்றார்.

மத்தியானம் சமையலறைத் தலைவர் குரியாக்கோஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோட்டயத்துக்காரர். "சாரே, உங்க கல்யாணத்துல தாய்மாமனுக்கு என்னதான் ஜோலி?" என்று கேட்டார். கேட்டதும் சந்தோஷம் எனக்கு. மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டுவது, மாலை போடுவது, மணமேடைக்குக் கைப்பிடித்துக் கூட்டிவருவது என்று எல்லாம் விளக்கினேன். மனிதர் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மலையாளிகளுக்குத் தெரிந்துகொள்வதில் எவ்வளவு ஆர்வம்!

ரிசப்ஷனில் இருக்கிற பிலிப்பைன்ஸ் பெண் மரிட்டெஸ் கோமதியிடம் வந்து, நாத்தனார் போடும் மூன்றாவது முடிச்சை எப்படிப் போடுவது என்று கேட்டாளாம். கோமதி ரிப்பனில் போட்டுக் காட்டினாளாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே வேடிக்கை.

ஊரிலிருந்து மச்சான் சங்கரபாண்டி போன். கோமதியின் தம்பி. "மாமா, மண்டபத்துல எனக்கு ஏசி ரூம்தானே?" என்றான். "பொண்ணு வீட்டுக்காரனுக்கு எதுக்குல ரூமு? நீ பந்தி விசாரிக்கணும்" என்றேன். போனை வைத்துவிட்டான். எந்தக் கல்யாணத்திலும் கோபித்துக்கொள்ளாமல் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

நவம்பர் 19, புதன்

இன்றும் கேட்டேன். "சம்மந்தி, நான் ஜெயிச்சாலும் தோத்தாலும் சாப்பாட்டுக்கு ஆள் கணக்கு வேணும். உங்க பக்கம் எத்தனை பேரு? அண்ணன் தம்பி, பங்காளி எல்லாம் சேத்துச் சொல்லுங்க."

"காத்து திரும்புது. வெள்ளிக்கிழமை பலமா அடிக்கும்னு நெனைக்கிறேன்" என்றார், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு வந்ததே கோபம். அறைக்கு வந்து கத்தினேன். "என்ன கர்வம்டி இந்த ஆளுக்கு! ஒரு கேள்வி கேட்டா மொகத்தப் பாத்துப் பதில் சொல்ல மாட்டாரா?"

சிந்துஜா கதவோரம் நின்றிருந்தாள். "அப்பா, அதைக் கேக்காதீங்கப்பா."

"ஏன்?"

"கேக்காதீங்கன்னா கேக்காதீங்க."

இன்னும் தாலி ஏறவில்லை, அதற்குள் அந்த வீட்டுக்குப் பரிந்து பேசுகிறாள். மாத்திரை போட்டாச்சு.

சாயங்காலம் நடக்கப் போனபோது பார்த்தேன். ஒன்பதாம் குழியில் கோதண்டபாணி தனியாக நின்று பிரவுனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். யாருமே ஆடவில்லை. தேய்த்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தார். கூப்பிடலாமா என்று நினைத்தேன். சண்டைக்காரரைக் கூப்பிடுவானேன் என்று வந்துவிட்டேன். ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த கடலைமிட்டாயில் ஒரு பாக்கெட்டை அவர் மேசைமேல், சோடா பாட்டில் பக்கத்தில் வைத்தேன். சும்மாதான். ஊருக்குத் திரும்பத் தூக்கிக்கொண்டு போவானேன்.

நவம்பர் 20, வியாழன்

பயிற்சி. கோமதி என் பாயைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் "அம்புட்டுதானா?" என்றாள். வாழ்க்கை முழுக்க இந்த ஒரு கேள்வியோடுதான் ஓட்டியிருக்கிறேன்.

நவம்பர் 21, வெள்ளி

மேட்ச் நாள். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விதி இதுதான். ஒரு குழியை யார் குறைந்த அடியில் முடிக்கிறாரோ அந்தக் குழி அவருக்கு. ஒன்பதில் அதிகக் குழி யாருக்கோ, அவர் சொன்ன ஊரில் கல்யாணம். நடுவர் சலீம்.

காற்று சொன்னபடியே அடித்தது. கோதண்டபாணி முறையாகக் கற்றவர். மட்டையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் அழகாகச் சுழற்றுவார், பந்து வானத்துக்குப் போகும். போன பந்தைக் காற்று பிடித்து வேறு திசைக்குக் கொண்டுபோனது. என் பந்து மேலே எழும்பினால்தானே காற்று பிடிக்க! தரையோடு ஓடியது. முதல் குழி எனக்கு. இரண்டாவதில் என் பந்து ஒரு புதருக்குள் போய், அங்கே படுத்திருந்த ஆட்டின்மேல் பட்டு நின்றது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது எழுந்திருக்கவும் இல்லை. அந்தக் குழி அவருக்கு. இப்படியே மாறி மாறி, எட்டுக் குழி முடிந்தபோது சமம்.

ஒன்பதாம் குழிக்குப் போனால் ரிசார்ட்டில் வேலை பார்க்கிற அத்தனை பேரும் அங்கே கூடியிருந்தார்கள். தோட்டக்காரர்கள், டிரைவர்கள், ரூம் பையன்கள், பல தேசத்து ஜனம். "பாணி சார்! பாணி சார்!" என்று கத்தினார்கள். என் பக்கம் கத்த கோமதி மட்டும்தான். அவளும் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

நான் மூன்று அடியில் பிரவுனுக்கு வந்துவிட்டேன். கோதண்டபாணியின் பந்து மேட்டுக்குப் பின்னால் கிடந்தது. தேடப் போயிருந்தார். அப்போது குரியாக்கோஸ் என் பக்கத்தில் வந்து, ரகசியம் மாதிரிச் சொன்னார்:

"சாரே, ஒரு வேண்டுகோள் உண்டு. நீங்க ஜெயிச்சாலும் கல்யாணத்த லீவு கிடைக்கிற மாதிரி வைக்கணும். நான் வரணும். நான்தான் தாய்மாமன்."

"யாருக்கு?"

"தருணுக்கு."

"ஐயா, நீங்க குரியாக்கோஸ். தருணுக்கு எப்படித் தாய்மாமன்?"

"வேற ஆள் இல்லல்லோ" என்றார். "சலீம் சித்தப்பா. மரிட்டெஸ் நாத்தனார். நாங்க பிரிச்சு எடுத்திருக்கு. பாணி சார் வேற சாதியில கல்யாணம் கழிச்சப்ப அவங்க வீட்டுல வெட்டிவிட்டாச்சு. மேடத்தோட வீட்டுலயும் அப்படித்தான். அவரோட அப்பா மரிச்சப்ப ஊருக்குப் போனார். வாசல்லயே நிக்க வச்சுத் திருப்பி அனுப்பிச்சு. பின்ன அந்தப் பக்கமே போகல. கோவில்பட்டில வச்சா மாப்பிள்ளை வீட்டுல ஒரு நாற்காலிக்குக்கூட ஆள் இருக்காது சாரே. அதான் இங்க வைக்கணும்னு பிடிவாதம்."

நான் ஒரு வாரமாக அந்த மனிதரை என்னவெல்லாம் கேட்டிருக்கிறேன்! அண்ணன் தம்பி, பங்காளி எல்லாம் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டேனே. என் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும். மண்ணுக்கா பஞ்சம் அங்கே?

கோதண்டபாணி பந்தைக் கண்டுபிடித்து, ஒரு நல்ல அடியில் பிரவுனுக்கு வந்துவிட்டார். அவருக்கும் மூன்று அடி. என் பந்துதான் குழிக்குத் தூரத்தில் இருந்தது, அதனால் நான் முதலில் அடிக்க வேண்டும்.

அந்த இடத்தில் முடிவெடுத்தேன். தோற்றுவிடுவது. மண்டப வாசல் போகட்டும். என் ஊர்க்காரர்கள் வீடியோவில் பார்க்கட்டும், திட்டட்டும். ஆனால் தோற்பது யாருக்கும் தெரியக்கூடாது. மெதுவாகத் தட்டினால் நடிப்பு தெரிந்துவிடும். பலமாக அடித்துவிட்டால் பந்து குழியைத் தாண்டி அந்தப் பக்கம் ஓடிவிடும், அவசரப்பட்டுவிட்டான் என்பார்கள். சரியென்று, ஹாக்கியில் கோலைப் பார்த்து விடுகிற மாதிரி, ஓங்கி ஒரு ஷார்ட் கார்னர் அடி.

பந்து போய் நடுவில் நின்ற கொடிக்கம்பில் 'ணங்' என்று மோதி, மேலே துள்ளி, நேராகக் குழிக்குள் விழுந்தது.

ஆடுகிற காலத்தில் எத்தனை ஷார்ட் கார்னர் அடித்திருப்பேன், ஒன்று உள்ளே போனதுண்டா? இன்றைக்குப் போகிறது!

"அம்புட்டுதானா?" என்று கேட்கக் கோமதிக்கு வாய் வரவில்லை.

கோதண்டபாணி அதே அடியில் போட்டால் சமம். பந்தைத் தட்டினார். உருண்டது. நேராக வந்தது. நான் மட்டையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன், பழக்கதோஷத்தில் நிறுத்திவிடுவேனோ என்று. "போ, போ, உள்ள போ" என்று வாய்விட்டே சொன்னேன். அது குழியின் உதட்டில் வந்து நின்றுவிட்டது. நான் மண்டியிட்டு ஊதினேன். சலீம் ஓடிவந்து சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். "சரி, போ! போ!" என்றார்.

தோற்கவும் விடமாட்டேன் என்கிறார்கள் இந்த உலகத்தில்.

கோதண்டபாணி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "சொன்ன சொல்லு சொன்னதுதான். கோவில்பட்டிதான் சம்மந்தி" என்றார். பிறகு இழுப்பானை எடுத்துப் பிரவுனைத் தேய்க்க ஆரம்பித்தார். கூட்டம் கலைந்தது. நான் போய் அந்தக் கம்பின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் வட்டம் வட்டமாகத் தேய்த்தோம்.

"சம்மந்தி, உங்க பக்கம் எத்தனை பேர்னு இனிமே கேக்க மாட்டேன்" என்றேன்.

அவர் நின்றுவிட்டார்.

"நானே சொல்றேன். உங்க பக்கம் பாதிக் கோவில்பட்டி. அது என் பொறுப்பு. குரியாக்கோஸ் தாய்மாமன்தான், சலீம் சித்தப்பாதான், அந்தப் பொண்ணு நாத்தனார்தான். அதுல ஒண்ணும் மாத்த வேண்டாம். மத்த நாற்காலிக்கு நான் ஆள் தாரேன்."

"வேண்டாம் சம்மந்தி. கடன் வாங்குன சொந்தம் மாதிரி இருக்கும்" என்றார்.

"யாரு கடன் குடுத்தா? வாங்கிக்கோங்க, திருப்பித் தர வேண்டாம்" என்றேன்.

அவர் அழுதார். எனக்கும் கண்ணில் மணல். கோமதி தூரத்திலிருந்து பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

கோவில்பட்டி. பாதி ஊர் என்று வாயால் சொல்லிவிட்டேன், ஆள் பிடிப்பது எளிதாக இல்லை. பழைய ஹாக்கி டீமைக் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். "ஏம்ப்பா செண்பகராசு, நாங்க உனக்காகல்ல வாரோம், மாப்பிள்ளை வீட்டுல போய் எதுக்கு உக்காரணும்?" என்று முறுக்கினார்கள். எதிர்வீட்டு அம்மா, "பொண்ணக் கண்ணால பாத்து வளத்தவ நான். அங்கிட்டு எப்படிப் போவேன்?" என்றாள். பெருமையாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது.

டிசம்பர் 14, ஞாயிறு

கோமதி ஒரு வேலை செய்தாள். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது, சும்மா சொல்வது மாதிரி, மாப்பிள்ளை வீட்டாருக்கு என்னென்ன மரியாதை என்று சொல்லிவிட்டு வந்தாள். லாட்ஜில் ஏசி ரூம், விடிந்ததும் ரூமுக்கே காப்பி, முதல் பந்தி, வாசலில் சந்தனம் பன்னீர், வேலை ஒன்றும் கிடையாது. கோபித்துக்கொண்டால் பெண் வீட்டார் வந்து சமாதானம் செய்தே ஆக வேண்டும்.

அவ்வளவுதான்.

டிசம்பர் 16, செவ்வாய்

காலையிலேயே வாசலில் ஆள். ஹாக்கி டீம் மொத்தமும் மாப்பிள்ளை வீடு. எதிர்வீட்டு அம்மா தன் மருமகளோடு மாப்பிள்ளை வீடு. மச்சான் சங்கரபாண்டி போன் செய்தான். "மாமா, நான் தீர யோசிச்சுட்டேன். மாப்பிள்ளை பாவம், தனியாள். நான் அந்தப் பக்கம் இருக்கேன்" என்றான். இரக்கம் வழிந்தது. வைப்பதற்கு முன்னால், "காப்பி ரூமுக்கே வந்துருமில்ல?" என்றான்.

ஜனவரி 12, திங்கள்

உரக்கடையில் புது டைரி கொடுத்தார்கள். மச்சான் இப்போதே எங்கள் வீட்டுச் சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்லிப் பழகுகிறான். சலீமுக்கு விசா கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 2, திங்கள்

கல்யாணம் நேற்று நல்லபடியாக முடிந்தது. மரிட்டெஸ் போட்ட மூன்றாவது முடிச்சு அவிழ்க்க முடியாத முடிச்சு என்று பெண்கள் எல்லாரும் சொன்னார்கள். சங்கரபாண்டி நாலு தடவை கோபித்துக்கொண்டான். நாலு தடவையும் நான் போய்ச் சமாதானம் செய்தேன். அவன் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது சனிக்கிழமை சாயங்காலத்து மாப்பிள்ளை அழைப்பை.

மண்டப வாசலில் நின்றேன். பட்டு வேட்டி, சந்தனக் கிண்ணம், பக்கத்தில் பன்னீர்ச் செம்போடு கோமதி. மேளச் சத்தம் கேட்டது. தெரு திரும்பி ஊர்வலம் வந்தது. முன்னால் என் ஹாக்கி டீம், மட்டைகளைத் தோளுக்கு மேலே தூக்கிப் பந்தல் மாதிரிப் பிடித்துக்கொண்டு. சுத்த ஃபௌல். விசில் அடிக்க ஆளில்லை. அதற்குள்ளே தருண், கையைப் பிடித்துக்கொண்டு தாய்மாமன் குரியாக்கோஸ், வேட்டியை மடித்துக் கட்டலாமா வேண்டாமா என்ற யோசனையோடு. வெள்ளை அங்கியும் நெற்றியில் சந்தனமுமாகச் சித்தப்பா சலீம், போகிறவர் வருகிறவரையெல்லாம் "சாப்டியா?" என்று கேட்டுக்கொண்டு. பின்னால் மில்லுக்காரர்கள், எதிர்வீடு, பக்கத்து வீடு, தெருவே நிறைந்து வந்தது. நடுவில் கோதண்டபாணி. சுற்றிலும் அவ்வளவு ஜனத்தைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல், மாலை கோணலாகிக் கிடக்க நடந்து வந்தார்.

கோமதி என் கையை இடித்தாள். "என்னங்க, நம்ம பக்கம் யாரு இருக்கா?"

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் மண்டபம் காலி. வரிசையாக நாற்காலிகள். கடைசியில் நாற்காலி வாடகைக்காரர் மட்டும் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். ஏசி ரூமுக்கும் காப்பிக்கும் ஆசைப்பட்டு என் ஊர் முழுக்க எதிர்ப்பக்கம் போய்விட்டது. பெண்ணைப் பெற்றவன் பக்கத்தில் நிற்க ஒரு ஆள் இல்லை.

ஊர்வலம் வாசலுக்கு வந்து நின்றது. கோதண்டபாணி என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். மேளக்காரரை ஒதுக்கிவிட்டு, மாலையைச் சரிசெய்துகொண்டு, தன் வீட்டு ஊர்வலத்தை விட்டு வெளியே வந்தார். படியேறி என் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி நின்றார்.

"இவ்வளவு பேரையும் ஒத்த ஆளா எப்படி வாங்கன்னு சொல்லுவீங்க சம்மந்தி?" என்றார்.

அழுதேன். மணல் இல்லை, அழுதேன்தான். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் கைகூப்பி, எதிரே நின்ற ஊரைப் பார்த்து, "வாங்க, வாங்க" என்றோம்.